நல்ல இலையாகப் பார்த்து

சாப்பாட்டு டப்பாவைக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் போனை எடுத்துப் பார்த்தாள். தம்பி ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். நர்சரி வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான். அவன் காலடியிலிருந்து வேலி வரைக்கும் கறுப்புப் பைகளில் ஆரஞ்சு ஒட்டுச்செடிகள், பள்ளிக்கூடத்தில் வரிசை கட்டி நிற்கிற பிள்ளைகள் மாதிரி. எல்லாம் முழங்கால் உயரம். போட்டோவுக்குக் கீழே, "உன் மருமக்கள் எல்லாரும் நாளைக்கு வண்டி ஏறுறாங்க" என்று எழுதியிருந்தான். அவனுக்குப் பிள்ளைகள் இல்லை. செடிகளைத்தான் அப்படிச் சொல்வான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவனுக்கு இன்னும் எவ்வளவு முடி நரைத்திருக்கிறது பார்ப்போம் என்று இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். விரல் வழுக்கிப் படம் நகர்ந்து, அவன் தோளுக்குப் பின்னால் இருந்த மரத்துக்குப் போய்விட்டது. அது தாய்மரம். இந்தச் செடிகளுக்கெல்லாம் மொட்டு எடுத்தது அந்த ஒரு மரத்திலிருந்துதான். நல்ல கரும்பச்சை மரம். அதில் வலதுபக்கம், சுவர் பார்த்த மாதிரி இருந்த ஒரே ஒரு கிளை மட்டும் மஞ்சளாக இருந்தது. உள்ளே யாரோ விளக்கு போட்டு வைத்த மாதிரி.

முதலில் வெயில் விழுந்திருக்கும் என்று நினைத்தாள். இன்னும் பெரிதாக்கினாள். தம்பியின் நிழல் இடதுபக்கமாக நீண்டிருந்தது. அவ்வளவு நீள நிழலென்றால் காலை வெயில், தாழ்வாக வருகிற வெயில். வலதுபக்கமிருந்து வருகிற அந்த வெயிலைச் சுவர் மறைத்துவிடும். அந்தக் கிளையில் வெயில் விழ வழியே இல்லை.

போனை முகத்துக்கு இன்னும் கிட்டக் கொண்டுவந்தாள்.

அவள் வேலை பார்ப்பது பழ மரங்களின் நோயைக் கண்டுபிடிக்கிற லேப்பில். அவள் அங்கே டெக்னீஷியன். பல வருஷமாக இலையை வெட்டுவதுதான் வேலை. அவளுக்கு லேப்பில் பட்டப்பெயர் பிப்பெட், அதாவது உறிஞ்சுகுழாய். ஒரு சொட்டில் நூற்றில் ஒரு பங்கை உறிஞ்சி எடுத்து வேறொரு டியூபில் விட வேண்டிய வேலையில், கை துளிகூட ஆடாதவள் என்பதால் வந்த பெயர். ஆரஞ்சு மரங்களுக்கு வருகிற நோய்களில் இலையைப் பார்த்ததும் அவள் நிமிர்ந்து உட்காருகிற நோய் ஒன்றுதான். அதைக் கிரீனிங் என்பார்கள். பழம் பழுக்காமல் ஒரு பக்கம் பச்சையாகவே நின்றுவிடும். மரத்தின் சாறு ஓடுகிற நரம்புக்குள் ஒரு பாக்டீரியா குடியேறியிருக்கும். மருந்து கிடையாது. மரத்தை வேரோடு எடுத்துவிட வேண்டியதுதான். அந்த மரத்திலிருந்து மொட்டு எடுத்து ஒட்டுக்கட்டினால் ஒட்டுச்செடிக்கும் போய்விடும். அந்தச் செடி எந்தத் தோட்டத்துக்குப் போகிறதோ, அங்கே கொழுந்தில் உட்கார்ந்து சாறு குடிக்கிற எள்ளளவு பூச்சி அதை அடுத்த தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும். மற்ற பாக்டீரியாவைப் போல இதைத் தட்டில் வளர்த்துப் பார்க்கவும் முடியாது. இலையின் நடுநரம்பை நறுக்கி, அரைத்து, டிஎன்ஏ எடுத்து, பிசிஆர் மெஷினில் போட வேண்டும். அந்தப் பாக்டீரியாவின் துண்டு ஒன்றாவது இருந்தால் மெஷின் அதை ஒன்றை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கிப் பெருக்கிக் காட்டிவிடும்.

மெஷின் பொய் சொல்லாது. ஆனால் அதற்குக் கொடுத்த இலையைப் பற்றித்தான் அது பேசும். இந்த நோய் ஆரம்பத்தில் மரம் முழுக்கப் பரவியிருக்காது. ஒரு கிளையில் இருக்கும், பக்கத்துக் கிளையில் இருக்காது. அதனால்தான் நாலு பக்கமும் இலை பறிக்க வேண்டும், மஞ்சள் தட்டின இலை இருந்தால் அதை விடாமல் பறிக்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் அவள் வாய் வலிக்கச் சொல்வாள்.

தம்பி இலை அனுப்பியது நர்சரி சீசனுக்கு முன்னால். தாய்மரமாக வைத்துக்கொள்ள லேப் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டிருந்தான். அந்தப் பொட்டலத்தைப் பிரித்தது அவளுக்கு இப்போது கண்முன்னால் நின்றது. ஒவ்வொரு இலையும் எண்ணெய் தடவித் துடைத்த மாதிரி. ஒரு புள்ளி இல்லை, ஒரு பூச்சிக்கடி இல்லை. 'என் தம்பி வளர்த்த மரம்னா சும்மாவா' என்று நினைத்துக்கொண்டே பிளேடால் நடுநரம்பைப் பிரித்தாள். தெரிந்தவர்கள் சாம்பிள் வந்தால் பேரை மறைத்து இன்னொருவர்தான் நம்பர் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று லேப்பில் ஒரு வழக்கம் உண்டு. பொட்டலத்தின் மேல் தோட்டத்தின் பேர்தான் இருந்தது. அது யார் தோட்டம் என்று யாருக்கும் தெரியாது. அவளும் சொல்லவில்லை. நோய் இல்லை என்று வந்தது. அன்றைக்கே போன் பண்ணிச் சொன்னாள். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறானோ என்றுகூட நினைத்தாள்.

குழாயடியிலேயே நின்றுகொண்டு தம்பிக்குப் போன் போட்டாள்.

"என்னக்கா, மருமக்களைப் பாத்தியா?"

"பாத்தேன். டேய், அன்னிக்கு இலை அனுப்பினியே, எந்தக் கிளையில பறிச்ச?"

"எல்லாக் கிளையிலயும்தான்."

"வலதுபக்கம், சுவத்தோரம் இருக்கற கிளையிலயுமா?"

அந்தப் பக்கம் ஏதோ இரும்புச் சாமான் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"நல்ல இலையாப் பாத்துத்தான்க்கா பறிச்சேன். அக்காவுக்கு அனுப்புறதாச்சே. போட்டோ எடுக்கப் போறோம்னா தலை சீவிக்கிட்டு நிக்கமாட்டோமா?"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினான்.

"ஏன் கேக்கற?"

"நான் வர்றேன். வர்றவரைக்கும் மரத்துல கை வெக்காத."

லேப்பில் அவளோடு வேலை பார்ப்பவரை எல்லோரும் ஐஸ்காரர் என்பார்கள். குளிர்பெட்டிகளின் சாவி அவரிடம்தான். ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது. எதற்கெடுத்தாலும் ஒரு கிண்டல். அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து, "என்ன பிப்பெட், வெயில்ல எங்க கிளம்பிட்ட? உருகிடுவ" என்றார்.

"தம்பி வீடு வரைக்கும் போறேன்ணே. கொஞ்சம் பாத்துக்கங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் மேஜைமேல் கிடந்த சாம்பிள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். காற்று முகத்தில் அடித்தது. ஆனாலும் கழுத்தில் வியர்வை நிற்கவில்லை. ஒருமுறை இதே நோய் வந்த தோட்டத்தை அழிக்கும்போது சாட்சிக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பெரிய மெஷின் மரத்தின் கழுத்தைப் பிடித்து இழுத்தது. வேர் அறுகிற சத்தம் துணி கிழிகிற சத்தம் மாதிரியே இருந்தது. காயோடு மரங்கள் சாய்ந்து கிடந்தன. தோட்டத்துக்காரர் ஒரு கூடையை வைத்துக்கொண்டு, சாய்ந்த மரங்களிலிருந்து பழத்தைப் பறித்துப் பறித்துப் போட்டுக்கொண்டே இருந்தார். யாரும் வாங்கப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும். கூடை நிறைந்ததும் கீழே கொட்டிவிட்டு மறுபடியும் பறித்தார். அவருடைய முகம் மறந்துவிட்டது. இப்போது பஸ் குலுங்கக் குலுங்க, அந்தக் கூடைக்கு மேலே தம்பியின் முகம் வந்து வந்து உட்கார்ந்தது.

தாய்மரம் மட்டும் போனால் பரவாயில்லை என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். பக்கத்து மரங்கள்? பூச்சி வேலி பார்த்தா பறக்கும்? ஆயிரத்துச் சொச்சம் செடிகள். வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் எத்தனை தோட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பார்கள்? கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. மெஷினுக்குள் ஓடுகிற அதே கணக்குதான், ஒன்று இரண்டாக, இரண்டு நாலாக. அத்தனைக்கும் முன்னால் ஒரு காகிதம். அதில் நோய் இல்லை என்று எழுதியிருக்கிறது. அதை எழுதினது அவள் கை.

தோட்டத்துக் கேட்டைத் திறக்கும்போதே புகை வாசனை அடித்தது. ஆரஞ்சு இலை எரிகிற வாசனை, யாருக்கும் பிடிக்கிற வாசனைதான். இலையிலிருக்கிற எண்ணெய் பட் பட்டென்று வெடித்துக்கொண்டிருந்தது. அவள் கால் அங்கேயே நின்றுவிட்டது.

தாய்மரத்தின் வலதுபக்கம் வெறுமையாக இருந்தது. கிளை இருந்த இடத்தில் ஈரமண்ணை அப்பியிருந்தான். அப்பின மண் ஓரத்தில் காய்ந்து உதிர்ந்து, உள்ளே வெட்டுப்பட்ட மரம் எலும்பு மாதிரி வெளுப்பாகத் தெரிந்தது. தம்பி நெருப்புக்குப் பக்கத்தில் ஒரு குச்சியோடு நின்றிருந்தான். அவன் மனைவி கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு.

"கிளை எங்கடா?"

"எந்தக் கிளை?"

அவள் போனைத் திறந்து அவன் அனுப்பிய போட்டோவையே அவன் முகத்துக்கு நேராகக் காட்டினாள்.

"கவாத்து பண்ணேன்."

"இன்னிக்கா?"

"நேரம் கிடைக்கறப்பதான பண்ண முடியும்."

"போனை வெச்சதும் ரம்பத்தைத் தூக்கிட்டு ஓடினாரு அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "அண்ணி வரட்டுங்கன்னு சொன்னேன். காதுலயே வாங்கல."

"நீ சும்மா இரு" என்று மனைவியை அடக்கிவிட்டு அக்கா பக்கம் திரும்பினான். "இலை மஞ்சளானா உடனே அதேதானா? ஜிங்க் சத்து இல்லன்னாலும் மஞ்சளாகும். நீயே சொல்லிருக்க."

"சொல்லிருக்கேன். ஜிங்க் இல்லன்னா இலையில ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சளாகும். இந்த நோய்ல ஒரு பக்கம் ஒரு மாதிரி, இன்னொரு பக்கம் வேற மாதிரி, திட்டுத்திட்டா இருக்கும். இலையை நடுவுல மடிச்சுப் பாத்தாத் தெரியும். ஒரு இலையாவது வெச்சியா?"

அவன் குச்சியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் அவன் கையிலிருந்த குச்சியை வாங்கி நெருப்பின் ஓரத்தைக் கிளறினாள். சாம்பல், சுருண்ட காம்புகள், கறுத்த கிளைத்துண்டுகள். ஓரத்தில் ஒரே ஒரு இலை முழுக்க எரியாமல் கிடந்தது. விரல் சுடச் சுட எடுத்தாள். நரம்புக்கு இந்தப் பக்கம் பாதி இலை இருந்தது, மஞ்சளும் பச்சையுமாக. அந்தப் பக்கம் பாதி எரிந்துபோயிருந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இன்னொரு பாதி இல்லாமல் எதோடு ஒத்துப்பார்க்க? கொஞ்ச நேரத்தில் அதுவும் விரலுக்குள்ளேயே நொறுங்கிப்போனது.

"நீதான நல்லாயிருக்குன்னு சொன்ன" என்றான் தம்பி. அவன் குரல் உயர்ந்திருந்தது. "அந்தப் பேப்பர்ல உங்க லேப்பு முத்திரை இருக்கு. அதை நம்பித்தான ஒட்டுக்கட்டினேன்? இப்ப வந்து கிளை எங்க, இலை எங்கன்னா? நாளைக்கு வண்டி வருது. வாங்கறவங்க குழி வெட்டி எரு போட்டு வெச்சிருக்காங்க. நான் என்னன்னு சொல்றது?"

"நீ குடுத்த இலை நல்லாயிருக்குன்னு சொன்னேன்."

"அதான், கிளையை வெட்டியாச்சே. இப்பப் பறிச்சுப் பாரு. எந்தப் பக்கம் பறிச்சாலும் பச்சைதான்."

"வேர்ல இருக்கும்டா."

அவன் கண் மரத்தடிக்குப் போனது.

"கிளையில இருந்தா வேருக்கும் எறங்கியிருக்கும். பல மரத்துல இலை மஞ்சளாகறதுக்கு முன்னாடியே வேருக்குப் போயிருக்கு. கிளையை வெட்டலாம். வேரை என்ன பண்ணுவ?"

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஐம்பதை நெருங்குகிற மனுஷன், சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு உட்காருவானே, அதே மாதிரி முழங்காலைக் கட்டிக்கொண்டு. நெருப்பு அடங்கி, புகை அவர்கள் பக்கமாகத் திரும்பியது. யாரும் நகரவில்லை.

"எப்படா பாத்த?" அவள் மெதுவாகக் கேட்டாள்.

"என்னத்த?"

"மஞ்சளை."

கொஞ்ச நேரம் மண்ணில் விரலால் கோடு போட்டான்.

"உனக்கு இலை அனுப்புறதுக்கு முன்னாடியே. அப்ப நாலஞ்சு இலைதான்க்கா. வேற ஒண்ணுமில்ல. பறிக்கலாம்னு கையைக் கொண்டு போனேன். முடியல. அப்பா டாக்டர்கிட்ட போவாரே, வலி இல்லாத நாளாப் பாத்து. அந்த மாதிரி."

அப்பா அப்படித்தான் போவார். நெஞ்சு லேசாக இருக்கிற நாளாகப் பார்த்து, சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு. நல்லா இருக்கீங்க என்று டாக்டர் சொன்னதும் வீடு வந்து எல்லோருக்கும் சொல்வார். அது எங்கே போய் முடிந்தது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"எனக்கும் அன்னிக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றாள். "அவ்வளவு சுத்தமான இலை எந்த மரத்துலயும் இருக்காது. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேக்கல. கேட்டா நீ ஏதாவது சொல்லிடுவியோன்னுதான் கேக்கலையோ என்னமோ."

அவள் மரத்தடியில் மண்டியிட்டு, சுவரோரமாகக் கிடந்த களைக்கொத்தை எடுத்துக் கொத்தினாள். இறுகிப்போன மண். நுனி வேர்தான் வேண்டும், நூல் மாதிரி இருக்கிற வேர். நாலு கொத்து கொத்துவதற்குள் மூச்சு வாங்கியது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. தம்பி மண்வெட்டியோடு நின்றான்.

"தள்ளு. நீ கொத்தறதைப் பாத்தா மரத்துக்கே கூச்சமாயிருக்கும்."

அவள் நகர்ந்துகொண்டாள். அவன் அலுங்காமல் மண்ணைப் புரட்டினான்.

"நல்ல வேராப் பாத்து எடுக்காதடா."

"கண்ணை மூடிக்கிட்டே எடுக்கறேன், போதுமா?"

சொன்னபடி நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டான். முழங்கை வரைக்கும் குழிக்குள் கையை விட்டு, எதையோ தேடுகிற மாதிரி துழாவி, மண்ணோடு ஒரு கொத்து வேரை இழுத்தான். அவள் பையை விரித்துப் பிடித்தாள். மரத்தைச் சுற்றி மூன்று இடத்தில் அப்படி எடுத்தான். மூன்று தடவையும் கண்ணைத் திறக்கவில்லை. வேர் அவன் கையைவிட்டுப் பைக்குள் விழுகிறபோது மட்டும் இமை துடித்தது.

தம்பி மனைவி ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதில் அக்கா தன் செருப்பைக் கழுவினாள். மண்வெட்டியையும் களைக்கொத்தையும் ரம்பத்தையும் கழுவச் சொன்னாள்.

"இந்த ரம்பத்தால வேற மரத்தை வெட்டினியா?"

"இல்ல."

"நிஜமா?"

"இல்லக்கா. இதையாவது நம்பு."

கேட் வரைக்கும் கூட வந்தது தம்பி மனைவிதான். வரிசை வரிசையாக நின்ற செடிகளுக்கு நடுவே நடந்து வந்தார்கள். அவள் காலில் ஒரு செடியின் இலை உரசியது, காலை இழுத்துக்கொண்டாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"காலையில செடிங்களுக்குத் தண்ணி ஊத்தலாமா?"

"ஊத்து. ஊத்தாம எப்படி?" என்றாள்.

தூரத்தில் மரத்தடியில் நின்ற தம்பியைப் பார்த்து, "நான் போன் பண்றவரைக்கும் ஒரு செடியும் ஏத்தக்கூடாது" என்று சத்தமாகச் சொன்னாள். அவன் குழியை மூடிக்கொண்டிருந்தான். தலையை ஆட்டினானா இல்லையா என்று அங்கிருந்து தெரியவில்லை.

மறுநாள் காலையில் அவளுக்கு முன்பே ஐஸ்காரர் வந்திருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நம்பர் போடாமல் தானே வெட்டினது, போட்டோ, வெட்டின கிளை, வேர். அவர் ஒரு கிண்டலும் பண்ணாமல் கேட்டார். அதுவே அவளுக்குப் பயத்தைக் கூட்டியது.

"மேடத்துக்குச் சொல்லணுமே" என்றார். மேடம்தான் லேப்பின் தலைமை.

"காலையிலயே போன் பண்ணிட்டேன். வந்து பேசிக்கறேன், முதல்ல மெஷின்ல ரன் போடுங்கன்னாங்க."

"அப்ப போடு."

வேரைக் கழுவி, நறுக்கி, உறைய வைத்து அரைத்தாள். அந்த வாரத்தில் வந்திருந்த மற்ற சாம்பிள்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டாள். அதில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் தோட்டத்து இலைகளும் இருந்தன. அந்தம்மா பஸ் பிடித்து வந்து, ஈரப் பேப்பரில் சுற்றிய இலைகளை மேஜைமேல் வைத்து, "இருக்கறதுலயே மோசமான இலையாப் பாத்துக் கொண்டாந்திருக்கேன்மா. சரியா?" என்று கேட்டவர். சரிதான் என்று அவள் பாராட்டி அனுப்பியிருந்தாள்.

டிஎன்ஏ எடுத்து முடித்தபிறகு வேர் எது, இலை எது என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லா டியூபிலும் கண்ணாடி மாதிரி தெளிந்த ஒரு சொட்டுத் தண்ணீர்தான். அவள் டியூப்களை ஐஸ்காரரிடம் நீட்டினாள்.

"பேரை மறைச்சு நம்பர் போட்டுக் குடுங்கண்ணே."

அவர் அவற்றை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது டியூப்களில் நம்பர் மட்டும் இருந்தது. எந்த நம்பர் யாருடையது என்று எழுதின சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவள் பிப்பெட்டைக் கையில் எடுத்தாள். நுனி ஆடியது. இத்தனை வருஷத்தில் ஆடாத கை. முழங்கையை மேஜைமேல் ஊன்றினாள், அப்போதும் ஆடியது. கையைக் கீழே வைத்துவிட்டு, ஒருமுறை உள்ளங்கையை இறுக்கி விரித்து, மறுபடியும் எடுத்தாள். ஐஸ்காரர் ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

மெஷினை மூடிப் பட்டனை அமுக்கினதும் வேலை முடிந்துவிட்டது. இனி அவளால் ஆவது ஒன்றுமில்லை. திரைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு டியூபுக்கும் ஒரு கோடு. எல்லாக் கோடும் அடியில் படுத்துக் கிடந்தன. நோய் இருக்கிற டியூபின் கோடு மட்டும் ஒரு கட்டத்தில் தலையைத் தூக்கும். தூக்கிவிட்டால் பிறகு படுக்காது.

கொஞ்ச நேரத்தில் ஒரு கோடு எழுந்தது. அது நோய் உண்டு என்று தெரிந்தே போட்ட டியூப், மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. எழுந்துதான் ஆக வேண்டும். தெரிந்திருந்தும் அவள் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வெறும் தண்ணீர் போட்ட டியூபின் கோடு அசையாமல் கிடந்தது. அதுவும் சரி. மீதி எல்லாம் நம்பர்கள்.

அவற்றில் மூன்று தம்பி மரத்தின் வேர். மூன்றும் எங்கே இருக்கின்றனவோ. அவள் ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். படுத்துக்க, அப்படியே படுத்துக்க என்று ஒவ்வொன்றிடமும் சொல்கிற மாதிரி. எழுந்தால்கூட ஏதாவது ஒன்றுதான் எழும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த ஒன்று வேறு யாருடையதாகவாவது இருக்கட்டும். டீச்சருடையதாக இருக்கட்டும். அந்தம்மா மோசமான இலையைத்தானே கொண்டுவந்தது, அப்படியென்றால் அவர்களுக்குத்தான் இருக்கும். நினைத்து முடித்த பிறகுதான் என்ன நினைத்தோம் என்று அவளுக்கு உறைத்தது. காது மடல் சூடாகிவிட்டது. யாராவது கேட்டுவிட்டார்களா என்கிற மாதிரி திரும்பிப் பார்த்தாள். ஐஸ்காரர் பின்னால்தான் நின்றிருந்தார். அவரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. தம்பி.

"அக்கா."

"ம்."

"வண்டி வந்துடுச்சு."

"ஏத்திட்டியா?"

"ஏத்தல. கேட்டுக்கு வெளியதான் நிக்குது. உள்ள விடல."

"டிரைவர் என்ன சொல்றாரு?"

"திட்டறாரு. அவர் திட்டறதுல பாதி வார்த்தை நான் கேள்விப்பட்டதே இல்ல." சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. "நீ பாத்துச் சொல்லு. நான் போனை வெக்கல. பிடிச்சுக்கிட்டே இருக்கேன்."

"நேரமாகும்டா."

"ஆகட்டும்."

போனுக்குள் அவன் மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால், தூரத்தில், தண்ணீர் விழுகிற சத்தம். தம்பி மனைவி செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். பூவாளியிலிருந்து இலைமேல் விழுகிறபோது ஒரு சத்தம், அது வழிந்து பைக்குள் மண்ணில் இறங்கும்போது சத்தம் அடங்கும். அப்புறம் அடுத்த செடி.

திரையில், அடியில் படுத்துக் கிடந்த கோடுகளுக்கு நடுவே ஒன்று லேசாக நெளிந்தது. நெளிவதெல்லாம் எழுவதில்லை, சில சமயம் நெளிந்துவிட்டு அடங்கிவிடும். அவள் ஸ்டூலில் முன்னால் நகர்ந்தாள். கோடு அடங்கவில்லை. ஒரு மயிரிழை மேலே வந்து, அங்கே நின்று, இன்னொரு மயிரிழை வந்தது. ஐஸ்காரரின் கை சட்டைப் பைக்குப் போவதைக் கண்ணோரத்தில் பார்த்தாள். சீட்டைத் தொட்ட கை அங்கேயே நின்றது. அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். தண்ணீர் ஒரு செடியை நனைத்துவிட்டு, அடுத்ததற்கு நகர்ந்து, அதையும் நனைத்துவிட்டு, வரிசையில் ஒன்றையும் விடாமல் வந்துகொண்டிருந்தது.